கூட்டத்து ரத்தம்

நாமக்கல்லில் ஓர் எச்.ஐ.வி. சிகிச்சை மையத்தில் ஆலோசகராக இருந்த வருடங்களில் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். அழுதவர்கள், அழாதவர்கள், என்னைத் திட்டியவர்கள், சாமியைத் திட்டியவர்கள். தனக்கு எச்.ஐ.வி. இருப்பதில் பெருமைப்பட்ட மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் பெயரைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. சொன்னால் அவருக்கு வருத்தம் இருந்திருக்காது என்பது வேறு விஷயம்.

மற்றவர்கள் எங்கள் வாசலுக்குள் நுழைவதே தனி வித்தை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, பக்கத்து அறைப் பல் டாக்டரிடம் போகிறவர்கள் மாதிரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து, கடைசி நொடியில் எங்கள் பக்கம் திரும்புவார்கள். இவர் மட்டும் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் மண்டபத்துக்கு வருவதுபோல நடு வராந்தாவில் வருவார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, சட்டைப் பையில் லாரிக்காரர்களுக்கே உரிய தடித்த பேனா. நடு பெஞ்சில் துண்டை உதறிப் போட்டு உட்காருவார். பக்கத்தில் புதிதாக வந்த ஆள் யாராவது நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் முதல் கேள்வி இதுதான்:

“ஏனுங்க, எந்த ஊருங்க? என்ன கூட்டமுங்க?”

என்னைப் போல ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் கூட்டம் என்றால் குலம். அது அப்பன் வழியில் மட்டும் வரும். ஒரே கூட்டத்துக்காரர்கள் எல்லோரும் பங்காளிகள். அதற்குள் பெண் கொடுக்கவும் மாட்டார்கள், எடுக்கவும் மாட்டார்கள். பெண்ணுக்குப் பிறந்த கூட்டம் ஒன்று இருக்கும். தாலி ஏறியதும் புருஷனுடைய கூட்டத்தில் சேர்ந்து, அங்கே இருக்கிற குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க ஆரம்பித்துவிடுவாள். நல்ல ஏற்பாடுதான். அதை ரத்தப் பரிசோதனைக்கூடத்துக்குள்ளும் கொண்டுவந்தவர் இவர்.

இவருக்கு லாரி ஓட்டிய காலத்திலேயே கிருமி வந்துவிட்டது. பிறகு சொந்தமாக லாரி வாங்கினார், விற்றார், தோட்டத்தில் மோட்டார் போட்டார், மகளைக் கட்டிக் கொடுத்தார். இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஒரு மாத்திரை சாப்பிட்டதில்லை. ஆனாலும் அவருடைய எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை இறங்கவே இல்லை. அந்த எண்ணிக்கையை நாங்கள் சி.டி.ஃபோர் என்போம், இறங்கினால் ஆபத்து. அவர் அதைப் பரீட்சை மார்க் மாதிரி வாங்கிப் போவார். மற்றவர்களுடைய மார்க்கையும் விசாரிப்பார். தன்னைவிடக் குறைவு என்று தெரிந்ததும் முகத்தில் ஓர் அனுதாபம் வரும் பாருங்கள், அதைப் பார்த்தால் நமக்கே கை பரபரக்கும்.

இப்படி மருந்தில்லாமலே கிருமியை அடக்கி வைத்திருப்பவர்கள் உலகத்தில் மிகச் சிலரே. அவர்களை எலீட் கன்ட்ரோலர் என்பார்கள். எங்கள் டாக்டர் சின்ன வயதுக்காரர். வாய் தவறி அந்தப் பட்டத்தை இவர் காதுபடச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அரசாங்கமே உத்தரவு போட்டுக் கொடுத்த பதவி மாதிரி அன்றிலிருந்து அது அவரோடு ஒட்டிக்கொண்டது.

“வணக்கமுங்க அம்மிணி. கன்ட்ரோலர் வந்துட்டனுங்க.”

“வாங்கய்யா. உங்களுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கோம். நீங்க வராம கிருமியெல்லாம் தலைகால் தெரியாம ஆடுது.”

கிண்டல் அவருக்கு உறைக்காது. என் ஆத்தூர்ப் பேச்சைக் கேட்டு, “கெழக்கத்திக்காரங்களுக்குப் பேச்சுல ஒரு ‘ங்க’ போட்டா வாய் தேஞ்சு போயிருமாட்ட இருக்குது” என்று எனக்கே பாடம் எடுப்பார்.

தொற்று இருக்கிற எல்லோருக்கும் மாத்திரை என்று விதி மாறிய பிறகு டாக்டர் அவரிடமும் சொல்லிப் பார்த்தார். அடங்கியிருக்கிற கிருமியும் உள்ளே உரசிக்கொண்டுதான் இருக்கும், பின்னால் இதயத்துக்கு ஆகாது, போட்டுக்கொள்ளுங்கள் என்றார். இவர் கேட்பாரா? “புலிக்கு எதுக்குங்க கம்பு?” என்று எழுந்து போய்விட்டார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, மாத்திரைப் பையோடு போகிறவர்களிடம் அதையே சத்தமாகச் சொன்னார்:

“எங்க கூட்டத்து ரத்தமுங்க அப்படி. கிருமி உள்ள வந்தா வந்த வழியில திரும்பிப் போயிரோணும்.”

குமாரபாளையத்திலிருந்து ஒரு தறிக்கார அம்மா வருவார். புருஷன் போன பிறகு மூன்று பெண்களை வளர்த்து ஆளாக்கியவர். மாத்திரை தவறியதே இல்லை. அவரிடமும் இவர் கூட்டம் கேட்டார்.

“எங்களுக்குக் கூட்டமெல்லாம் இல்லீங்க” என்றார் அந்த அம்மா. “தறிதானுங்க இருக்குது. மாத்திரையத் தின்னுபோட்டுத் தறியில நின்னா ரத்தம் தானா ஓடுதுங்க.”

கன்ட்ரோலர் அன்று சீக்கிரம் கிளம்பிவிட்டார்.

சிரித்துவிட்டுப் போகலாம் என்றால், அவருடைய மனைவி விஷயம் ஒன்று இருந்தது. சொந்தத் தாய்மாமன் மகளைத்தான் கட்டியிருந்தார். பரமத்தி வேலூர்ப் பக்கத்தில் காவேரிக் கரையில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த வீடு. இவர் கொண்டுவந்து கொடுத்த கிருமிதான் அந்தப் பெண்ணுக்கும் வந்தது. அதே கிருமி, ஒரே வீடு, ஒரே சோறு. இவரிடம் பூனை மாதிரி படுத்துக் கிடந்தது, அந்த அம்மாளைச் சில வருடங்களில் எலும்பாக்கித் தின்று முடித்தது. அரசாங்கம் இலவச மாத்திரை கொடுப்பதற்கு முந்திய காலம். அந்த அம்மாள் மட்டும் ஏன் போனார் என்று நான் ஒரு தடவை கேட்டபோது இவர் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

“அவ அப்பன் கூட்டத்து ரத்தம் அவ்வளவுதானுங்க அம்மிணி. வெத்தலக் கொடிக்கால் ஆளுக. கொடி மாதிரியேதான் இருப்பாங்க. ஒரு காத்துக்குத் தாங்காது.”

ஆக, பொங்கல் வைக்கும்போதும் இவருக்குச் சோறாக்கும்போதும் அந்தப் பெண் இவர் கூட்டம். நோய் வந்ததும் அப்பன் கூட்டம். இவ்வளவு சௌகரியமான சட்டத்தை எந்த வக்கீலாலும் எழுத முடியாது. எனக்கு அன்று அவர்மேல் வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

இவர் வாய் இவரோடு நின்றிருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன். அது பங்காளி வீட்டுக்கும் போனது.

இவருடைய சித்தப்பாவின் பேரன் ஒருவர் எங்களிடம் வந்துகொண்டிருந்தார். முப்பதைத் தாண்டிய ஆள். ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் டிரைவர். வருடத்தில் பாதி நாள் வடக்கே எங்கோ பாறையைத் துளைத்துக்கொண்டிருப்பார். தொற்று வந்து, பயந்து, பிறகு தேறி, ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மனைவிக்குத் தொற்று இல்லை. இவர் மாத்திரையை விடாதவரை அந்தப் பெண்ணுக்கு வரவும் வராது. ஒரு பிள்ளை பெற்றுக்கொள்ளலாமா என்று இரண்டு பேரும் என் எதிரே உட்கார்ந்து கேட்டிருந்தார்கள். தாராளமாகப் பெற்றுக்கொள்ளலாம், மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது என்றேன். அந்தப் பெண்ணுக்கு அன்று முகமெல்லாம் சிரிப்பு.

அந்த மனிதர் கன்ட்ரோலரை எங்கள் பெஞ்சில்தான் முதல்முறை நோயாளியாகப் பார்த்தார். “பெரியப்பா, நீங்களுமா?” என்று எழுந்து நின்றுவிட்டார். தன் குலத்திலேயே இன்னொருவர், அதுவும் கோயில் காரியத்தில் முன்னால் நிற்கிறவர், மாத்திரையே இல்லாமல் கல் மாதிரி இருக்கிறார். பெரியப்பா அவர் தோளில் கையைப் போட்டார்.

“நானே திங்காம நல்லாத்தானே இருக்கறன், உனக்கு எதுக்குடா சாமி? நம்ம ரத்தம் ஒண்ணுதானே?”

இரண்டு மாதம் கழித்து அந்த டிரைவர் மாத்திரை வாங்க வரவில்லை. மூன்றாவது மாதமும் வரவில்லை. தேடிப் பிடித்து வரவழைத்தபோது, நிறுத்திவிட்டேன் என்று வெட்கமே இல்லாமல் சொன்னார்.

“எங்க கூட்டத்து ரத்தத்துக்கு இது தேவைப்படாதுங்க. பெரியப்பாவப் பாத்தீங்கல்ல?”

நான் படித்த ஆலோசனைக் கலையெல்லாம் அன்று தீர்ந்துபோனது. டாக்டர் சொல்லிப் பார்த்தார், மனைவி அழுது பார்த்தார். பெரியப்பா வாக்கு பெரிய வாக்கு.

அப்போதுதான் ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து, இப்படி மருந்தில்லாமல் இருப்பவர்களின் ரத்தத்தை ஆராய்ச்சிக்குக் கேட்டார்கள். கன்ட்ரோலர் கையை நீட்டியபடியே வந்தார். முடிவு வந்ததும் டாக்டர் அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னார்.

“கிருமி ஒரு திருட்டு லாரின்னு வச்சுக்குங்க. இன்னைக்கு ஒரு பெயின்ட் அடிக்கும், நாளைக்கு ஒரு நம்பர் பிளேட் மாட்டும். நம்ம உடம்புல இருக்கற செக்போஸ்ட் ஆளுங்க நம்பர் பிளேட்ட மனப்பாடம் பண்ணிப் பிடிப்பாங்க. பிளேட்ட மாத்துனா ஏமாந்துருவாங்க. எதப் பாத்துப் பிடிக்கணும்னு அவங்களுக்குக் காட்டுறது ஒரு மரபணு. எச்.எல்.ஏ.ன்னு பேரு. ஆளுக்கு ஆள் மாறும். உங்ககிட்ட இருக்கற வகை, வண்டிச் சட்டத்துலயே வெட்டியிருக்கற சேஸிஸ் நம்பரக் காட்டிக் குடுத்துருது.”

“சேஸிஸ் நம்பர ராவ முடியாதுங்களே” என்றார் கன்ட்ரோலர். லாரி விஷயத்தில் அவரை ஏமாற்ற முடியாது.

“ராவலாம். ராவுனா வண்டியே ஆட்டம் கண்டுரும். அதான் கிருமி உங்ககிட்ட எப்படி வேஷம் போட்டாலும் மாட்டிக்குது.”

இவ்வளவு அழகான விளக்கத்தில் அவர் காதில் விழுந்தது மரபு என்ற ஒரு சொல்தான். “கேட்டீங்களா அம்மிணி, மரபு! நாஞ் சொன்னப்ப சிரிச்சீங்களே” என்று பெஞ்சுக்குப் போய்ப் பிரசங்கமே நடத்திவிட்டார்.

டாக்டர் விடவில்லை. இந்த மரபணுக்கள் ஒவ்வொருவரிடமும் இரண்டு தொகுப்பாக இருக்கும், அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. எது எங்கிருந்து வந்தது என்று தெரிய அப்பா வழியில் ஒருவர் ரத்தமும் அம்மா வழியில் ஒருவர் ரத்தமும் இருந்தால் நல்லது என்றார். அப்பா வழிக்கு அந்த டிரைவரே ரத்தம் கொடுத்தார். அம்மா வழிக்குத் தாய்மாமன் இருந்தார். அதாவது மாமனார். மகள் செத்த நாளிலிருந்து அந்தப் பெரிய மனிதர் இவரோடு பேசுவதில்லை. கன்ட்ரோலர் அவரிடம் போக மாட்டார் என்று நினைத்தேன். இவரோ மறுநாளே பஸ் ஏறிவிட்டார்.

“கூட்டிக்கிட்டு வாரனுங்க. அந்தப் பக்கம் ஒண்ணுமில்லைன்னும் தெரிஞ்சு போகட்டுமே!”

அகம்பாவத்துக்கும் ஒரு பயன் உண்டு என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

மாமனார் வந்தார். எண்பதைத் தாண்டிய ஒல்லி உடம்பு, வெற்றிலைக் கறை படிந்த விரல்கள். மருமகன் நடு பெஞ்சில், இவர் கதவோரத்தில். ரத்தம் எடுக்கும் இடத்துக்கு நான்தான் அழைத்துப் போனேன்.

“எம் புள்ள செத்தப்ப எங்க ரத்தம் சரியில்லைன்னான்” என்றார், கையை நீட்டிக்கொண்டே. “இப்ப அதே ரத்தம் வேணும்னு வந்து நிக்கறான். எடுத்துக்குங்க கண்ணு.”

“எதுக்குங்கய்யா ஒத்துக்கிட்டீங்க?”

“அவ ஏன் போனான்னு இதுலயாவது தெரியுமான்னு பாக்கலாமின்னுதான்.”



முடிவு வந்தது. அந்த அபூர்வ மரபணு மாமனாரிடம் இருந்தது. அது உட்கார்ந்திருந்த தொகுப்பு முழுவதும் கன்ட்ரோலருடையதோடு அப்படியே பொருந்தியது. அவர் அம்மா வெற்றிலைக் கொடிக்கால் வீட்டிலிருந்து கொண்டுவந்த சீதனம் அது. கன்ட்ரோலரின் இன்னொரு தொகுப்பு, அப்பா வழியில் வந்தது, ரிக் டிரைவரிடமும் இருந்தது. அதாவது கூட்டத்து ரத்தம் இரண்டு பேரிடமும் சுத்தமாக இருந்தது. அது எந்தக் கிருமியையும் ஒன்றும் செய்வதில்லை, அவ்வளவுதான். பின்னாளில் கன்ட்ரோலருக்குச் சர்க்கரை வந்து அதிலேயே போய்ச் சேர்ந்தார். சர்க்கரை அவர் அப்பன் வீட்டில் எல்லோருக்கும் உண்டு. அந்த ரத்தத்தைப் பற்றி அவர் ஒரு நாளும் பெருமை பேசிக் கேட்டதில்லை.

மாமனாரிடம் அவருடைய முடிவைத் தனியாகச் சொன்னோம். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

“எங்கிட்ட இருந்திருக்குது. எம் புள்ளைக்குக் குடுக்காமப் போயிட்டனா?”

“நீங்க எடுத்து வச்சுக் குடுக்கறது இல்லீங்கய்யா. பூவா தலையா போடற மாதிரி. உங்க அக்காவுக்கு வந்திருக்கு, அவங்க மகனுக்கு வந்திருக்கு. உங்க பொண்ணுக்கு விழல.”

“ஆருக்கு விழோணுமோ அவுங்களுக்கு உழுகறதில்ல” என்று சொல்லிவிட்டுப் பரமத்தி வேலூர் பஸ்ஸுக்குப் போனார். மருமகனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மருமகன் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் முதல் முறையாகக் கணக்குப் பிசகியது தெரிந்தது. ஆனால் லாரிக்காரர் அல்லவா, உடனே குறுக்கு வழி கண்டுபிடித்தார்.

“எங்கம்மா கட்டிக்கிட்டு வந்த பொறவு எங்க கூட்டந்தானுங்களே? அப்ப அதுவும் எங்க கூட்டத்து ரத்தந்தானுங்க!”

எனக்குப் பொறுக்கவில்லை. “அப்படின்னா உங்க சம்சாரமும் உங்க கூட்டம்தானேய்யா? அவங்க போனப்ப மட்டும் ஏன் அப்பன் கூட்டம்னு சொன்னீங்க?”

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். நடு பெஞ்சில் உட்காரவில்லை.

ரிக் டிரைவரிடம், அந்த மரபணு உங்களிடம் இல்லை என்று சொன்னோம். “மிசின் தப்பாக் காட்டியிருக்கும். பெரியப்பாகிட்ட இருக்கறது எங்கிட்ட எப்படிங்க இல்லாமப் போகும்?” என்றார். அது பெரியப்பாவுக்கு அவருடைய அம்மா வழியில் வந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் ஒருவர் ரத்தத்தில் இருப்பதை இன்னொருவரிடம் சொல்ல எங்களுக்கு வாய் கிடையாது. சொல்ல வேண்டியவர் ஒருவர்தான். அவர் வருவதையே நிறுத்திவிட்டார். தோல்வியைத் தோட்டத்து மோட்டாரோடு பூட்டி வைத்துவிட்டு வீட்டிலேயே இருந்தார்.

டிரைவர் இளைக்க ஆரம்பித்தார். இருமல் வந்தது, சளியைப் பார்த்தோம், காசநோய். அதற்கு மருந்து கொடுத்தால் ஒழுங்காகச் சாப்பிட்டார். கிருமிக்கு மாத்திரையை நீட்டினால், “இருமலுக்கு மட்டும் குடுங்க. மத்தத ரத்தம் பாத்துக்கும்” என்றார். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, “எப்படியாச்சும் திங்க வைங்கக்கா, இல்லீன்னா இவரு எனக்கு இருக்க மாட்டாருங்க” என்று விம்மினார். இனி தள்ளிப் போட்டால் மீட்க முடியாது என்றார் டாக்டர்.

நான் கன்ட்ரோலருக்குப் போன் போட்டேன். நல்ல வார்த்தையில் பேசத்தான் நினைத்தேன். நாக்கு கேட்கவில்லை.

“கன்ட்ரோலர் ஐயா, உங்க கூட்டத்துல ஒரு தலை குறையப் போகுது. வந்து கன்ட்ரோல் பண்ணிட்டுப் போங்க.”

மறுமுனையில் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலை வந்தார். சட்டையில் கஞ்சி இல்லை. டிரைவர் சுவரோரப் பெஞ்சில் மனைவி தோளில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தார். தறிக்கார அம்மாவும் இன்னும் சிலரும் மாத்திரைக்குக் காத்திருந்தார்கள். தனியாக என் அறையில் வைத்துப் பேசுங்கள் என்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். பெருமை பேசிய இடத்திலேயே பேச வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

“டேய் சாமி, அது நம்ம கூட்டத்து ரத்தமில்லடா.”

“என்னங்க பெரியப்பா சொல்றீங்க?”

“எங்கம்மா கொண்டாந்தது. வேலூர்க்காரங்க ஊட்டு ரத்தம். டாக்டர் எடுத்துக் காட்டிட்டாரு. எங்கம்மாளுக்கும் உனக்கும் என்னடா சம்பந்தம்? இதுல பங்காளிக்குப் பங்கு கெடயாது. நீ மாத்திரையத் தின்னோணும்.”

டிரைவர் நம்பாமல் பார்த்தார். தறிக்கார அம்மாதான் மெதுவாகக் கேட்டார். அவர் குரலில் குத்தல் இல்லை.

“அப்ப உங்க ஊட்டுக்காரம்மாவும் அந்த ஊட்டுப் பொண்ணுதானுங்களே. மாமன் மகளுன்னு சொல்லுவீங்களே. அவங்களுக்கு ஏனுங்க அது இல்லாமப் போச்சு?”

“அவளுக்கு உழுகலீங்க.”

இதோடு முடித்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம். அவரைத் தெரிந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் எதிர்பார்த்திருப்பார்கள். நின்றுகொண்டே இருந்தார்.

“அப்பவும் மாத்திரை இருந்துச்சுங்க. மெட்ராசுல வாங்கோணும். மாமன் வாங்கிக்கிட்டு வாரேன்னு வந்து நின்னாரு. லாரி வச்சிருந்தவன், எனக்கென்ன வக்கில்லையா? நாந்தான் வேண்டாமின்னுட்டேன். நானே திங்காம நல்லாத்தானே இருக்கறன், உனக்கு எதுக்குடின்னு கேட்டேன்.”

அவர் டிரைவரைப் பார்த்தார்.

“உங்கிட்டச் சொன்னனே, அதே பேச்சு. ஒரு வார்த்த மாறல.”

டிரைவரின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். டிரைவருக்குக் கண் கலங்கியது. ஆனால் அவரும் அதே கூட்டம் ஆயிற்றே, அந்தப் பிடிவாதம் எங்கே போகும்?

“நீங்க மட்டும் திங்காம இருக்கறீங்கல்ல பெரியப்பா?” என்றார்.

கன்ட்ரோலர் டாக்டர் அறைக்குள் போனார். எத்தனையோ வருடமாக நாங்கள் கெஞ்சியும் வாங்காத மாத்திரையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். மருந்து கொடுக்கும் இடத்தில் இருந்தவருக்கு ஆச்சரியம். “உங்களுக்கு இது வேண்டாம்னு சண்ட போடுவீங்களே ஐயா!” என்றார். இவர் டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஒரு மாத்திரையை அவர் கையில் வைத்தார். இன்னொன்றைத் தன் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். பெரிய மாத்திரை அது. பழக்கமில்லாதவர்களுக்குச் சட்டென்று இறங்காது. அவருக்குப் புரையேறியது. டிரைவர் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு, தன்னுடையதை விழுங்கினார்.

இருமல் நின்றதும் கன்ட்ரோலர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துண்டை உடனே எடுக்கவில்லை.

“நின்னு நின்னு எறங்குது” என்றார் உள்ளிருந்தே. “அவ மடக்குன்னு முழுங்கியிருப்பா. குடுத்திருக்கோணும்.”